நாற்பத்தொரு புரூப்பும் ஒரு பெயரும்

என் முன்னாள் கணவரின் பெயரை இந்தப் பக்கங்களில் நான் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதை ஏற்கெனவே ஓரிடத்தில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், அங்கிருந்து எடுக்க முடியாது. ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். அதனால் குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் தன் மாமியார் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டி வந்தது. நான் செய்த தப்புக்கு அவள் நின்றாள்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அண்ணனின் அச்சகம். மாடியில் அம்மா, அண்ணன் குடும்பம், நான். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் உரை தட்டச்சு செய்து கொடுப்பது கல்லூரிக் காலத்திலிருந்தே என் வேலை. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் நாள், நேரம், மண்டபம் எல்லாம் ஓர் ஓரத்தில் அடக்கமாக இருக்கும். மீதி முழுக்க உறவுக்காரர்களின் பெயர்கள்தான். யார் யாருக்கு மேலே, யார் யாருக்குக் கீழே, பட்டம் போட்டாயிற்றா, வெளிநாட்டில் இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் சிங்கப்பூர் என்று போட்டாயிற்றா? இதில் ஒன்று பிசகினாலும் இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிடும். மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டுப் போனால்கூடச் சமாதானம் பேச ஆள் வரும். பெயரை விட்டுவிட்டால் வராது.

அதனால் எல்லாப் பத்திரிகைக்கும் அச்சுக்கு முன் சரிபார்க்க மூன்று புரூப் போடுவோம், சண்டைக்காரக் குடும்பமாக இருந்தால் ஐந்து. என் கல்யாணப் பத்திரிகைக்கு நாற்பத்தொன்று ஆனது.

வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்த தாய்மாமன் அச்சகத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "தாய்மாமன் பேரு எங்கிட்டுக் கெடக்குன்னு பாருங்க. பந்தல்காரன் பேரு மாதிரி அடியில கெடக்கு" என்றார். மேலே ஏற்றினோம். ஏற்றியதும் பெரியப்பா கீழே இறங்கிவிட்டார். அவர் பேசாமல் எழுந்து போனார். பேசாமல் போவதுதான் எங்கள் பக்கம் பெரிய சண்டை. இருவரையும் ஒரே வரியில் போட்டால் இடம், வலம் யாருக்கு என்று வந்தது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன்: பட்டத்தைப் பெயருக்குப் பக்கத்தில் போடக் கூடாது, கீழே தனி வரியில் போட வேண்டும், ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் வேண்டும். மணப்பெண்ணே உட்கார்ந்து தன் பத்திரிகையை நாற்பத்தொரு முறை திருத்தினாள் என்பதை யாரும் வேடிக்கையாகக்கூடப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு திருத்தத்தையும் தனிக் கோப்பாகச் சேமிப்பது அச்சகத்து வழக்கம். காலையில் ஒத்துக்கொண்டவர் மாலையில் மாறுவார், பழையதையே போடு என்பார். அதனால் எதையும் அழிக்க மாட்டோம். "பைனல்", "பைனல் ஓகே", "பைனல் ஓகே மாமா", "இதுதான் பைனல்" என்று என் கல்யாணம் ஒரு போல்டருக்குள் வரிசையாகக் கிடந்தது. இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னை மாட்டிவிட்டது இதுதான்.

கல்யாணம் ஒன்றரை வருடம் இருந்தது. அடித்தாரா என்று எல்லோரும் கேட்டார்கள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் சொல்வதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். அவர் வீட்டில் நான் ஒரு சாமானாக இருந்தேன். எங்கே வைத்தார்களோ அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் இரண்டு பையும் மடிக்கணினியுமாகத் திரும்பி வந்தேன். அம்மா கதவைத் திறந்து, "கொஞ்ச நாள் இங்கிட்டு இரு, அப்பறம் பேசிக்கலாம்" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

வந்ததிலிருந்து அச்சகத்து முன்னறைக்கு நான் போகக் கூடாது என்று ஆனது. யாரும் உத்தரவு போடவில்லை. "வர்றவுக ஏதாச்சும் கேப்பாக, ஒனக்குத்தான் சங்கட்டம்" என்று அம்மா சொன்னாள், அண்ணன் பழைய கணினி ஒன்றை மாடிப் பின்னறைக்குத் தூக்கி வந்து வைத்தான். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். எனக்குச் சங்கடமே இல்லை, அவர்களுக்குத்தான் சங்கடம் என்பதைச் சொல்ல அன்று தெம்பில்லை. பின்னறையில் உட்கார்ந்து மற்றவர்களின் கல்யாணப் பத்திரிகைகளை அடித்தேன்.

அப்போதுதான் என்னோடு கணினி அறிவியல் படித்த கல்லூரித் தோழி போன் செய்தாள். அவள் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை பார்த்தாள். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் அவர்களுடைய களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிப் பெண்களின் எடை, ரத்த அழுத்தம், மாத்திரை சாப்பிட்டார்களா என்பதையெல்லாம் டேப்லெட்டில் பதிவு செய்வார்கள். சிக்னல் சரியாகக் கிடைக்காது. படிவம் போகாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே நிற்கும். "எங்காளுங்க டேப்லெட்டைத் தலைக்கு மேல தூக்கிட்டு, சாமி வந்த மாதிரி நிக்கிறாங்கடி. இதைச் சின்னதாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

முடியும் என்றேன். செய்ய வேறு என்ன இருந்தது எனக்கு?

தமிழில் எழுதினால் கணினிக்கு இடம் அதிகம் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்றால் நம் 'க'வுக்கு மூன்று. 'கா' என்று கால் போட்டால் ஆறு. சுருக்கும் வேலையின் அடிப்படை எளிது: ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாதே, முன்னால் இன்ன இடத்தில் இருக்கிறது, இத்தனை எழுத்து எடுத்துக்கொள் என்று ஒரு குறிப்பை மட்டும் கொடு. பெரிய கோப்பில் இது நன்றாக நடக்கும். ஒரு பக்கப் படிவத்தில் எதுவுமே இரண்டு முறை வராது, குறிப்புக் கொடுக்க இடமிருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. அடிக்கடி வரக்கூடிய சொற்களை முன்கூட்டியே ஒரு பட்டியலாக்கி, அனுப்புகிற பக்கத்திலும் பெறுகிற பக்கத்திலும் வைத்துவிட வேண்டும். எங்கள் தொழிலில் இதை அகராதி என்போம். படிவத்தில் பெயர் போகாது. 'அகராதியில் இன்ன இடத்திலிருந்து இத்தனை எழுத்து' என்பது மட்டும் போகும். இரண்டு பக்கமும் ஒரே அகராதி இருக்கும்வரை எந்தத் தொல்லையும் இல்லை.

அகராதி செய்ய மாதிரித் தமிழ் வேண்டும். மனிதர்களின் பெயர், ஊர்ப் பெயர், உறவுமுறை, தேதி எல்லாம் கலந்த தமிழ். எங்கே போவேன்? கீழே அண்ணன் கணினியில் வருடக்கணக்கில் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. புரூப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக எல்லாவற்றையும் நான் வெறும் உரையாகவும் சேமித்திருந்தேன். இந்த மாவட்டத்தின் பெயர்களும் ஊர்களும் அதைவிட நன்றாக எங்கும் கிடைக்காது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எது அதிகமுறை வருகிறதோ அதைப் பொறுக்கி எடுக்கும் நிரல் ஒன்றை எழுதி, போல்டர் மொத்தத்தையும் அதன் வாயில் கொட்டினேன். படிவங்கள் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கின. பொறுக்கி எடுத்தது என்ன என்று நான் திறந்து படிக்கவில்லை. அளவைத்தான் பார்த்தேன்.

டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்குவது நின்றது. தோழி போனில் கத்தினாள், நானும் கத்தினேன், அம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். அந்த மாதம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். சுருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தேன். அப்பா பெயரின் முதலெழுத்தோடு என் பெயரை மேலே போட்டேன். ரேஷன் கார்டில் அந்த வீடு, இந்த வீடு என்று நான் அல்லாடிய நாட்களில், முழுசாக என் பெயரில் இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு யார் யாரோ எடுத்தார்கள். மீனவர்களுக்குக் காற்று நிலவரம் அனுப்புகிறவர்கள், எந்தத் தேசத்திலோ உள்ள ஒரு கல்லூரி, பெயர் தெரியாத நாலைந்து பேர். அவர்கள் எழுதிவைத்த கோப்புகளெல்லாம் என் அகராதியை நம்பி இருந்தன. இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு: இன்று சுருக்கிய கோப்பு என்றைக்கும் விரிய வேண்டும். புது முறையைச் சேர்க்கலாம். பழையதைப் படிக்கும் வழியை எடுக்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்தேதான் திறந்து வைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் நிரலின் புகார்ப் பக்கத்தில் எழுதியிருந்தார். அகராதியைத் திறந்து பார்த்தாராம், தமிழ் தெரியாததால் இயந்திரத்தில் மொழிபெயர்த்தாராம். "இது ஒரு திருமண அழைப்பிதழ் போல இருக்கிறது. வேண்டுமென்றே வைத்ததா? எப்படியானாலும், மணமக்களுக்கு வாழ்த்துகள்!" என்று முடித்திருந்தார்.

குடும்பநல நீதிமன்றத்தில் என் வழக்கு இரண்டு வாய்தாக்களுக்கு நடுவில் இருந்த வாரம் அது.

அகராதியை முதல் முறையாகத் திறந்து படித்தேன். அவர் பெயர். கீழே தனி வரியில் பட்டம். அவர் அப்பா பெயர், பெரிய எழுத்தில் கேட்ட ஊர்ப் பெயர். தாய்மாமன், பெரியப்பா, என் பெயர், 'என்னும் திருவளர்ச்செல்வியை' என்ற வரி. ஏன் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மற்றவர்களின் பத்திரிகை மூன்று முறை, ஐந்து முறை இருந்தது. என்னுடையது நாற்பத்தொரு முறை இருந்தது. உலகத்துத் தமிழில் அதிகம் வரும் சொற்கள் இவைதான் என்று என் நிரல் நினைத்துக்கொண்டது. மாமா நாற்காலியை விட்டு எழுந்திருந்தால் இது நடந்திருக்காது.

முதலில் சிரித்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவளை வேறு எப்படிப் பார்ப்பது? சிரித்து முடித்து எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன், அடுத்த வீட்டுச் சுவர் நின்றது. எந்த வீட்டை விட்டு வந்தேனோ அந்த வீட்டை நானே கட்டி, பூட்டி, சாவியை ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன் என்று தோன்றியது. தோழியிடம் சொன்னேன். "விடுடி, யாரு தெறந்து பாக்கப் போறா" என்றாள். வேறு யாரிடமாவது நிரலை ஒப்படைத்துவிடலாமா என்று புகார்ப் பக்கத்தில் கேட்டுப் பார்த்தேன். பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களே தவிர, எடுத்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. புதுக் கோப்புகளுக்குப் புது அகராதி ஒன்று செய்து வைத்தேன். பழையது பழைய இடத்திலேயே இருந்தது. தோழியின் டேப்லெட்டுகளில் புதியதை இன்னும் ஏற்றவில்லை, அவற்றில் இருந்த பதிவுகளெல்லாம் பழையதில் எழுதியவை.

நீதிமன்றத்தில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் டவாலி எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து மூன்று முறை கூப்பிடுவார். அம்மாவுக்கு முகம் சுருங்கும். ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. அதன் பிறகுதான் கவுண்டர் கவுண்டராக அலைச்சல். ஆதார், ரேஷன் கார்டு, வங்கி, வாக்காளர் அட்டை. ஒவ்வொன்றிலும் அவர் பெயரை எடுக்க ஒவ்வொரு தாள் கேட்டார்கள். இ-சேவை மையத்தில் இருந்த பெண், "புருஷன் பேரை எடுத்தா அந்தக் கட்டம் காலியா நிக்கும்ங்க, அப்பா பேரு போட்றவா?" என்று கேட்டாள். காலியாகவே இருக்கட்டும் என்றேன். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது என்றாள்.

கடைசி அட்டை ஒரு சனிக்கிழமை வந்தது. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். அம்மா இன்னொரு கரண்டி சோறு போட வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தால், எல்லா இடத்திலும் போன பெயர் இங்கே மட்டும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் வரும். அந்தப் பெயரின் எழுத்துகளை அப்படியே எடுத்தால் மற்றச் சொற்கள் இடம் மாறிவிடும். அதனால் அவர் பெயர் இருந்த இடத்தை மட்டும் அளவு குறையாமல் புள்ளிகளால் நிரப்பினேன். எங்கள் கல்யாணப் பத்திரிகையின் வரி யாருடைய மருத்துவப் படிவத்தில் வரப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாற்றம் எதையும் வெளியிடுமுன் சோதனைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். மாதிரிக் கோப்புகளைச் சுருக்கி விரித்து, பழையபடி வருகிறதா என்று கணினியே பார்க்கும். எல்லாம் சரி என்றது. சொல்லாமல் என்ன செய்யும்? மாதிரிக் கோப்புகளை எழுதியவள் நான். ஒன்றில்கூட அந்தப் பெயரை நான் எழுதியிருக்கவில்லை. கோப்பு கெட்டுப்போனதா என்று பார்க்கும் எண் ஒன்றும் வைத்திருந்தேன். அது வழியில் சிதைந்ததா என்று மட்டும்தான் பார்க்கும், விரித்ததும் என்ன வருகிறது என்று பார்க்காது. "அகராதியில் சிறு துப்புரவு" என்று குறிப்பு எழுதி வெளியிட்டேன். நான் போட்டது என்பதால் தோழி எதுவும் கேட்காமல் திங்கட்கிழமை எல்லா டேப்லெட்டிலும் ஏற்றிவிட்டாள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். பதினோரு மணிக்கு அந்தப் பக்கத்துக் களப்பணியாளர் அக்கா போன் செய்தார். தோழிதான் என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள்.

"மேடம், நீங்கதான இந்த கம்ப்யூட்டர் வேலை பாக்குறவங்க? இங்கிட்டுச் செல பேருக்குப் புருஷன் பேரே காங்கலைங்க. புள்ளி புள்ளியா நிக்கிது."

"எல்லாருக்குமாக்கா?"

"இல்லைங்க. அஞ்சாறு பேருக்குத்தான். என்னான்னு பாத்தா எல்லாம் ஒரே பேரு வச்ச புருஷனுங்க" என்று சொல்லி, அந்தப் பெயரைச் சொன்னார்.

அவர் ஒருவருக்கு மட்டுமே சொந்தமான பெயரா அது? எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் உண்டு. அத்தனை பேருடைய மனைவிமார் படிவத்திலும் என் அகராதியைக் காட்டி ஒரு குறிப்புப் போயிருக்கிறது. அந்த இடத்தில் நான் புள்ளி வைத்துவிட்டேன். அதைவிட மோசம், படிவத்தைத் திறந்து புது எடையைப் போட்டுச் சேமித்தால், புள்ளியே பெயராகப் பதிந்துவிடும். பிறகு அகராதியைச் சரிசெய்தாலும் திரும்பாது.

"அக்கா, யாரையும் எதையும் சேமிக்க வேண்டாம்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

"மூணு பேருக்குச் சேமிச்சாச்சுங்களே. ஒரு புள்ளைக்கு நேத்து ஆஸ்பத்திரிச் சீட்டும் அடிச்சுக் குடுத்துட்டேன். அதுலதான் பெரச்சனையே. அவ புருஷன் சிங்கப்பூர்ல இருக்கான். மாமியா சீட்டைப் பாத்துட்டு, எம் மகன் பேரு எங்கிட்டுடி போச்சுன்னு ஒரே சத்தம். என்னையும் வீட்டுக்குள்ள விட மாட்டேங்குது."

அழித்ததைத் திரும்ப வைக்க அரை நிமிடம் ஆனது. நாலு வருடம் காத்திருந்து அழித்த பெயர் அரை நிமிடத்தில் வந்து உட்கார்ந்தது. மதியத்துக்குள் தோழி டேப்லெட்டுகளை மாற்றினாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். "சொல்லியிருந்தா நான் ஏத்தியிருக்க மாட்டேன்ல" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சேமித்த மூன்றில் இரண்டை அந்த அக்கா போனில் கேட்டே திருத்திவிட்டார். மிச்சம் அந்த ஒரு வீடு.

வியாழக்கிழமை காலை கீரனூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தேன். எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டாள். வேலை என்றேன். திரும்பி வந்த பிறகு நான் தனியாக வெளியூர் போனது அதுதான் முதல் தடவை, அதுவும் இதற்காக.

அக்கா பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து கூட்டிப்போனார். பாதி கட்டி நிற்கும் மாடி வீடு. மாமியாருக்கு ஐம்பது வயது இருக்கும். வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே சுவரோரம் அந்தப் பெண், ஏழாவது மாதம், எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள். மாமியார் கையில் சீட்டு நாலாக மடித்திருந்தது. மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பே கிழிந்திருந்தது.

"சின்னம்மா, கம்ப்யூட்டர்ல வந்த தப்புதான். இந்த மேடந்தான் அதைச் செஞ்சவங்க, நேரா வந்துருக்காங்க" என்றார் அக்கா.

"கம்ப்யூட்டரு தப்புப் பண்ணுச்சா? பக்கத்து வீட்டுக்காரிக்கு அவ புருஷன் பேரு நிக்கிது. எம் மகன் பேரு மட்டும் எப்புடிப் போகும்? இவதான் என்னமோ சொல்லிக் குடுத்துருக்கா. புருஷன் ஊருல இல்லைன்னா பேரும் இல்லைன்னு ஆயிருமா?"

"இல்லைங்கம்மா. அந்தப் பேரு உள்ள எல்லாருக்கும் போச்சு. இவங்க ஒண்ணுமே சொல்லலை. தப்பு என்னோடது."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எம் மகன் பேரு மேல ஒனக்கு என்னம்மா கோவம்?" என்றார்.

யாருமே இவ்வளவு சரியாக என்னைக் கேட்டதில்லை. அம்மா கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை, நீதிபதி கேட்கவில்லை. ஒரு புருஷன் பேர் இல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் எடையும் ரத்தமும் மாறிவிடுமா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நான் பஸ் ஏறிவிடுவேன், அவள் அங்கேதான் இருக்க வேண்டும்.

நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து மாமியாருக்குச் சந்தேகம் கூடியது. "ஒன் வீட்டுக்காரரு பேரு என்னா?" என்றார்.

வீட்டுக்காரர் இல்லை என்றால் அங்கேயே கதை வேறு பக்கம் திரும்பிவிடும். புருஷனை விட்டவள்தான் என் மகன் பேரை அழித்தாள் என்பார். உண்மையும் அதுதானே? அக்கா பக்கத்தில் நிற்கிறார். அவருக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது. அந்தப் பெண் அப்போதுதான் முதல் முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இதே பேருதாங்கம்மா" என்றேன்.

"யாரு, எம் மகன் பேரா?"

"ஆமாங்க."

வாயால் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கட்டிய புருஷன் பேரைச் சொல்லக் கூச்சப்படுகிற பெண் என்று அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார் அவர். முகம் அப்படியே மாறியது. "அடியாத்தே! அப்ப ஒங்க வீட்டுப் பேருந்தான் போயிருக்கா? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? அந்தப் பேருக்காரன் பொண்டாட்டி வேணுமின்னா அழிப்பா?" என்று வாசலை விட்டு விலகினார். "ஏய், மேடத்துக்குத் தண்ணி கொண்டா."

உள்ளே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கணவர் பெயர் என்ற கட்டத்தைத் தொட்டேன். மாமியார் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத பெயர். நாற்பத்தொரு முறை திருத்திய பெயர். புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்து, அதே பெயரை என் விரலால் அடித்தேன். புதுச் சீட்டை மறுநாளே தருவதாக அக்கா சொன்னார். மாமியார் பழைய சீட்டைக் கிழித்து அடுப்படிப் பக்கம் போட்டுவிட்டு, "ஒன் வீட்டுக்காரரையும் ஒரு நா கூட்டிட்டு வாம்மா" என்றார். தலையை ஆட்டினேன்.

செம்பை வாங்கிக்கொள்ள வந்த சாக்கில் அந்தப் பெண் குனிந்தாள். "மூணு நாளா இதே பேச்சுதாங்கக்கா. அவருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாங்க" என்றாள் மெதுவாக. பிறகு, "இனிமே போகாதுல்லக்கா?" என்றாள்.

"போகாது" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, காற்று நன்றாக வந்தது. எனக்கு அழுகை வந்தது. அவளுக்காகவா எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெயர் இல்லாவிட்டால்தான் எனக்கு விடுதலை என்று இத்தனை நாளும் இருந்தேன். அந்தப் பெயர் இல்லாததால் ஒருத்தி மூன்று நாள் வீட்டுக்குள் நிற்க முடியாமல் நின்றிருக்கிறாள். இரண்டு பேருக்கும் கதவு ஒரே இடத்தில்தான் பூட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டுப் பின்னறைக்குப் போனேன். போகாது என்று வாயால் சொன்னால் போதாது. எனக்கு இன்னொரு நாள் கோபம் வரலாம். நாளைக்கு வேறு யாராவது நிரலைப் பார்த்துவிட்டு, இது என்ன கல்யாணப் பத்திரிகை என்று சுத்தம் செய்யலாம். அதைத் தடுக்க எங்கள் தொழிலில் ஒரே வழிதான்: அதற்கென்று ஒரு சோதனை எழுத வேண்டும். பழைய கோப்பு ஒன்றை விரித்தால் இன்ன எழுத்து வந்தே தீர வேண்டும் என்று அதில் எழுதி வைக்க வேண்டும். வராவிட்டால் கணினி சிவப்பைக் காட்டி, வெளியிட விடாது. எந்த எழுத்து வர வேண்டும் என்பதை முழுசாக, பிழையில்லாமல் அடிக்க வேண்டும்.

அடித்தேன். பெயர், கீழே தனி வரியில் பட்டம், அவர் அப்பா பெயர், ஊர். நாற்பத்தொன்றாவது புரூப்பில் இருந்தபடியே. மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: "இதை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் பழைய பதிவுகளில் பெயர்கள் காணாமல் போகும்." அதன் கீழே, அப்பா பெயரின் முதலெழுத்தோடு என் பெயர்.

அம்மா காப்பி கொண்டுவந்தவள் திரையைப் பார்த்துவிட்டாள். "என்னடி இது, இன்னமுமா அந்தப் பேரு? அதான் எல்லாத்துலயும் எடுத்தாச்சுன்னியே."

"இதுல எடுக்க முடியாதும்மா."

"யாரு சொன்னது எடுக்கக் கூடாதுன்னு?"

"நான்தான்" என்றேன்.

அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகும் நிரலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்று காலைகூட விளக்கத்தில் ஒரு கமா விட்டுப்போயிருந்ததைச் சேர்த்தேன். ஒரு கமாவுக்கும் எல்லாச் சோதனையும் ஓட வேண்டும், அந்தச் சோதனைதான் வரிசையில் முதலாவது. கணினி முதலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. பச்சை டிக் விழுந்தது. அதற்குப் பிறகுதான் என் கமாவை ஏற்றுக்கொண்டது.